நாடகக் கல்லூரிக்கு வாங்கிய நல்ல மார்க்

கோலார் தங்கவயல்,
2001

எழிலா,

ஞாயிற்றுக்கிழமை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே நீ கேட்டுவிட்டுப் போன கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. "இன்னாம்மா சொல்ற? போலாமா, வேணாமா?" என்றாய். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அப்பா அவசரப்படுத்தினார். "டீச்சர்கிட்ட கேட்டா அடுத்த வருஷம்தான்டா ரிசல்ட் வரும், நீ கெளம்பு" என்றார். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். உனக்கு அந்த நாடகக் குழுவிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஒரு வருடம் அவர்களோடு ஊர் ஊராகப் போய் நடிக்க வேண்டும். பெங்களூரில் பார்க்கிற கணக்கு வேலையை விட்டுவிட வேண்டும். இங்கே சுரங்கத்தை மூடிவிட்டார்கள், அப்பா வீட்டோடு இருக்கிறார், என் பென்ஷன் ஒன்றுதான் நிலையாக வருகிறது. இதையெல்லாம் யோசித்துத்தான் நான் வாயை மூடிக்கொண்டேன் என்று நீ நினைத்திருப்பாய். அதுவும் உண்டு. ஆனால் அது பெரிய காரணம் இல்லை. முன்பு ஒருமுறை இதே கேள்விக்கு நான் மிக வேகமாகப் பதில் சொல்லி, உன்னை எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிட்டேன். அந்தப் பதிலை முதலில் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் இந்தப் பதிலை எழுத முடியும் போலிருக்கிறது. பொறுமையாகப் படி. டீச்சர்கள் கடிதம் எழுதினால் நீளும்.

நான் மார்க்கை நம்பியவள். ஏன் நம்பினேன் என்று உனக்குச் சொன்னதே இல்லை. என் அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் பூமிக்கடியில் வேலை பார்த்தவர். சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் லைனில் வீடுகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே மாதிரிக் கதவு, ஒரே தகரக் கூரை. அங்கிருந்து வெளியே போன பெண்கள் என்றால் கல்யாணமாகிப் போனவர்கள், இல்லாவிட்டால் பரீட்சையில் பாஸாகிப் போனவர்கள். நான் பரீட்சையில் போனவள். ஆசிரியர் பயிற்சிக்கு என்னை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் கேட்டது காதில் சரியாக விழாமல் "இன்னா சார்?" என்றுவிட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. அன்று உடம்பெல்லாம் கூசிப்போனது. ஆனாலும் என் மார்க் நன்றாக இருந்ததால் இடம் கிடைத்துவிட்டது. மார்க் என்னைக் காப்பாற்றும், என் பேச்சு என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று அன்றைக்கு எனக்குள் ஒரு கணக்கு விழுந்தது. அதன்பிறகு வீட்டிலும் கடையிலும் குழாயடியிலும் புத்தகத்தில் இருப்பதுபோலவே பேசப் பழகினேன். உன் அப்பா என்னை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தது எனக்குப் பள்ளியில் வேலை கிடைப்பதற்கு முன்பே. அதற்குக் காரணம் இந்தப் பேச்சுதான்.

நீ பி.யூ.சி. முடிக்கப்போகிற வருடம் அந்த விளம்பரத்தைப் பேப்பரிலிருந்து கத்தரித்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாய். பெங்களூரில் ஒரு கல்லூரியில் நாடகம் ஒரு பட்டப்படிப்பாக இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். எந்தப் பிரிவில் சேருவதானாலும் எல்லோருக்கும் பொதுவாகக் கணக்கும் பொது அறிவுமாக ஒரு எழுத்துப் பரீட்சை. கேள்விக்குக் கீழே நான்கு விடை கொடுத்திருப்பார்கள், சரியானதற்கு நேரே குறிக்க வேண்டும். அதில் தேறினவர்களை மட்டும் நாடகப் பிரிவுக்காரர்கள் கூப்பிட்டு நடிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். கத்துவேன் என்று எதிர்பார்த்திருப்பாய். நான் "பரீட்சை உண்டா? அப்படியானால் சரி" என்றேன். உனக்கு நம்பவே முடியவில்லை. அப்பாதான் குழம்பிப்போனார். "நாடகத்துக்கு இன்னாத்துக்குடா கணக்கு பரீட்சை? ராஜா வேஷம் கட்டுறவன் மேடையில வட்டி கணக்கா போடப் போறான்?" என்று கேட்டார். அவர் வைண்டிங் இன்ஜின் டிரைவர். ஆட்கள் நிற்கிற கேஜைச் சுரங்கத்துக்குள் இறக்குவதும் ஏற்றுவதும் அவர் வேலை. அதற்கு அவருக்கே ஒரு பரீட்சை வைத்திருந்தார்களே என்று நான் அவர் வாயை அடைத்தேன். "எனக்கு கேஜை ஓட்டச் சொல்லி வச்சாங்க டீச்சர், தஞ்சாவூர் கோபுரம் எத்தினி அடின்னு கேக்கல" என்றார். எல்லோரும் சிரித்தோம். அதை நான் வேடிக்கைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டேன்.

நான் சரி என்று சொன்னதற்குள் ஒரு தந்திரம் இருந்தது என்று உனக்கு இன்றுவரை தெரியாமல் இருக்கலாம். நீ அந்தப் பரீட்சையில் தேற மாட்டாய் என்று நினைத்தேன். கணக்கில் நீ எப்போதும் தடுமாறுகிறவன். வேண்டாம் என்று நான் சொல்லி உன் பகையைச் சம்பாதிப்பானேன், அந்தத் தாள் சொல்லட்டும் என்று விட்டேன். ஆனால் இரண்டொரு நாளில் என் புத்தி மாறிவிட்டது. மாறியதற்குக் காரணம் பெருந்தன்மை என்று எண்ணிவிடாதே. என் பிள்ளை ஒரு பரீட்சையில் தோற்பதை என்னால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். எந்தப் பரீட்சை, எதற்கு என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். பழைய கேள்வித்தாள்களைத் தேடி வாங்கினேன். பள்ளி விட்டு வந்ததும் உன்னை மேசையில் உட்காரவைத்தேன். தெரியாத கேள்வியை எப்படித் தெரிந்ததுபோல முடிப்பது என்று சொல்லிக்கொடுத்தேன். நான்கில் இரண்டு விடைகள் பார்த்தவுடனே அபத்தமாக இருக்கும், அவற்றை அடித்துவிடு. மிச்சம் இரண்டில், கேள்வி போட்டவர் எதை எதிர்பார்க்கிறார் என்று அவர் மனதுக்குள் போய்ப் பார். நீ அதைப் பிடித்துக்கொண்ட வேகம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அடுத்தவர் மனதுக்குள் போவது உனக்குச் சுலபமாக வந்தது. அது எந்த வேலைக்கு உரிய திறமை என்று நான் அப்போது யோசித்திருக்க வேண்டும்.

வகுப்பில் நான் அடிக்கடி ஒன்று சொல்வேன். காய்ச்சல் பார்க்கிற கருவி நல்ல கருவி, பொய் சொல்லாது. ஆனால் அதைப் பிள்ளையின் நாக்கடியில் வைத்துவிட்டு, இவன் ஏன் அழுகிறான் என்று அதனிடம் கேட்கக்கூடாது. அளவுகோல் பற்றிய பாடத்துக்கு இந்த உதாரணத்தை எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். கரும்பலகையின் முன்னால் நன்றாகத்தான் சொன்னேன்.

எழுத்துப் பரீட்சையில் நாடகப் பிரிவுக்கு விண்ணப்பித்தவர்களில் உன் மார்க்தான் எல்லோருக்கும் மேலே இருந்தது. லைன் முழுக்கச் சொன்னேன். பால் ஊற்ற வந்தவரிடம்கூடச் சொன்னேன். அடுத்தது நடித்துக் காட்டுவது. சொந்தமாக ஒரு சிறு காட்சி கொண்டுவர வேண்டும், எந்த மொழியிலும் செய்யலாம் என்று அழைப்பில் போட்டிருந்தார்கள். நீ ஏற்கனவே ஒன்று வைத்திருந்தாய். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அத்தையை வைத்து நீயே கட்டியது. நம் ஊரில் ஏர்பிளாஸ்ட் என்கிறோமே, அடியில் பாறை வெடித்து மேலே வீடெல்லாம் குலுங்குவது, அப்படிக் குலுங்கியதும் பரணில் இருக்கிற பாத்திரங்கள் கடகடவென்று கீழே விழும். அந்த நேரத்தில் ஷிப்டில் ஆள் இருக்கிற வீட்டுப் பெண்கள் உடனே ஆட்கள் ஏறி இறங்குகிற ஷாஃப்டை நோக்கி ஓடுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். ஓடமாட்டார்கள். முதலில் விழுந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, பழைய வரிசையில் அடுக்குவார்கள். அடுக்கி முடிக்கிறவரைக்கும் அவர்களைப் பொறுத்தவரை எதுவும் நடக்கவில்லை. முடித்த பிறகுதான் முந்தானையைச் செருகிக்கொண்டு கதவைத் திறப்பார்கள். என் அம்மா செய்து நானே பார்த்திருக்கிறேன். நீ கன்னியம்மா அத்தையாக உட்கார்ந்து பாத்திரங்களோடு பேசுகிறாய். "ஏய் குண்டா, உனக்கு இன்னா அவசரம், நீ மொதல்ல எறங்கி வந்துட்ட? அவரே இன்னும் ஏறி வர்ல" என்று ஒரு வரி. உன்னை நாற்காலியில் உட்காரவைத்து, "சொல்லு, எழுதிக்கொள்கிறேன்" என்று அதை முழுவதும் எழுதினேன். எழுதிவிட்டு, "இதை ஆங்கிலத்தில் மாற்றிவிடலாம்" என்றேன்.

நீ எதிர்த்துப் பேசவில்லை, அதுதான் இப்போது உறுத்துகிறது. "அத்தை இங்கிலீஷ் பேசுமாம்மா?" என்று ஒருமுறை கேட்டாய். பரீட்சை ஆங்கிலத்தில் எழுதி முதல் மார்க் வாங்கியிருக்கிறாய், அங்கே போய் லைன் பாஷையைப் பேசினால் அந்த மார்க்குக்கே மதிப்பு போய்விடும் என்றேன். அப்புறம் இருவரும் உட்கார்ந்து மாற்றினோம். "குண்டானுக்கு இன்னா போடறது?" என்றாய். வெசல் என்றேன். "சொம்புக்கு?" அதற்கும் வெசல்தான். "அன்னக்கூடைக்கு?" வெசல் என்றே எழுது, அவர்களுக்குப் புரிந்தால் போதும் என்றேன். சவரம் பண்ணிக்கொண்டிருந்த அப்பா கண்ணாடியிலிருந்து திரும்பாமலே, "அப்போ கன்னியம்மா வூட்ல மொத்தமே ஒரே பாத்திரம்தானா டீச்சர்? பாவம், அதையே எடுத்து எடுத்து வைக்குது" என்றார். உனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. நான் பென்சிலால் மேசையைத் தட்டினேன். உடனே நிறுத்திக்கொண்டாய். கடைசியாக இன்னொன்றும் சொன்னேன்: உங்கள் வீட்டில் பேசுகிற பாஷையில் பேசு என்று அவர்கள் கேட்டாலும் ஏமாந்துவிடாதே, நம்மைச் சோதிப்பதற்குக் கேட்பார்கள்.

அன்றைக்கு நானும் உன்னோடு வந்தேன். கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே பெஞ்சில் பூதிகோட்டையிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு அம்மா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காட்டில் தக்காளி போட்டிருப்பதாகச் சொன்னார். வீட்டில் தெலுங்கு போலிருக்கிறது, என்னிடம் தமிழில் பேசினார். "உங்க பையனுக்கு மார்க்கு எப்டிங்க?" என்றார். சொன்னேன். அவர் கண்ணை அகல விரித்து, "அய்யோ, அம்மாடி! எங்க பொண்ணு ஏதோ ஒட்டிகினு பாஸுங்க. அந்த பேப்பரு அவளுக்கு ஆகல. உள்ள வுட்டுட்டாங்கன்னா மட்டும் வெளிய வரமாட்டா" என்று சிரித்தார். எனக்கு அந்தப் பெண்ணை நினைத்துக் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது. அவள் உள்ளே போனதும் அறைக்குள் சத்தம் கேட்டது. ஏதோ மாட்டை ஓட்டுகிற சத்தம், அதட்டல், அப்புறம் உள்ளே இருந்தவர்கள் சிரிப்பது. வெளியே வரும்போது அவள் ரவிக்கை வேர்வையில் நனைந்திருந்தது. நீ உள்ளே போனபோது எந்தச் சத்தமும் வரவில்லை. ஒழுங்காகச் செய்கிறான் என்று நினைத்தேன்.

பட்டியலில் அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது. உன் பெயர் இல்லை. அலுவலகத்தில் போய் விசாரித்தேன். அங்கிருந்தவர் உன் மார்க்கைப் பார்த்துவிட்டு, "பையன் நல்ல படிப்பாளின்னு உள்ள எல்லாரும் சொன்னாங்கம்மா. இந்த மார்க்குக்கு நாடகம் எதுக்கு? பி.காம்.ல இன்னைக்கே சேத்துக்குவாங்க" என்றார். அதைக் கேட்டு எனக்கு வருத்தம் வரவில்லை, எழிலா. இந்தக் கடிதத்தில் எழுதக் கஷ்டமாக இருக்கிற வரி இதுதான். எனக்கு நிம்மதியாக இருந்தது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அன்றே பி.காம்.மில் சேர்த்துவிட்டேன். நீ சுவரோரம் நின்றாய். திரும்பி வரும்போது ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாய். பங்காருப்பேட்டை தாண்டியதும், "எல்லாம் நீ சொன்ன மாதிரியேதாம்மா பண்ணேன். ஒண்ணுகூட விடல" என்றாய். நான் உன் தலையைத் தடவி, "அதனால்தான் இந்த இடமாவது கிடைத்தது" என்றேன். என் பிள்ளை எனக்கு நன்றி சொல்கிறான் என்று நினைத்து, இத்தனை வருடமும் அந்த வார்த்தைகளை ஒரு பரிசுபோல மனதில் வைத்திருந்தேன்.

அந்த அறைக்குள் நடந்தது எனக்கு இந்த வருடம்தான் தெரியும். நீ சொன்னபோது கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சிரித்துக்கொண்டே சொன்னாய். காட்சியைச் சொல்லி முடித்ததும், மேசைக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒரு அம்மா, நீ தங்கவயல் பையன்தானே, இதையே உன் வீட்டில் பேசுகிற மாதிரி ஒருமுறை செய்து காட்டு என்று கேட்டாராம். "வீட்லயும் இங்கிலீஷ்தான் மேடம்" என்று நீ சொன்னாயாம். அப்புறம் அவர், பேச்சே வேண்டாம், விழுந்த ஒரே ஒரு பாத்திரத்தை எடுத்து வைத்துக் காட்டு போதும் என்றாராம். "நான் குனிஞ்சுகினு அப்டியே நின்னுட்டேன்மா. இவங்களுக்கு எது கரெக்ட் ஆன்சர்னு யோசிச்சேன். ரெண்டை அடிச்சிட்டேன், மீதி ரெண்டுல எதுன்னு தெரியல" என்றாய். சொல்லிவிட்டு அதற்கும் சிரித்தாய். அந்தப் பெண்மணி உனக்குக் கதவை இரண்டு தடவை திறந்துவிட்டிருக்கிறார். இரண்டு தடவையும் உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். மார்க் கேட்ட கல்லூரியைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர்கள் அதை வாசல்படியாக வைத்திருந்தார்கள். அது முழு வீடு என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

சுரங்கத்தை மூடியதை எதிர்த்து வாசல் கேட்டுக்கு எதிரே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்களே, அங்கே ஒரு மாலை நீ எழுந்துபோய் அந்தக் காட்சியைச் செய்தாய் என்று அப்பா வந்து சொன்னார். இத்தனை வருடம் கழித்து, நீ கட்டிய வார்த்தைகளிலேயே. அப்பா வழக்கம்போல வேடிக்கையாக ஆரம்பிக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, "ஒருத்தரும் கை தட்டல டீச்சர்" என்றார்.  "ஏன், சரியாக வரவில்லையா?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கன்னியம்மா முன்னாடிதான் குந்திகினு இருந்துச்சு. அது கையி ரெண்டும் தானா அடுக்குது, டீச்சர். பக்கத்துல இருந்த பொம்பளைங்க கையும். எவன் கை தட்டுவான் அங்க?" என்றார். அந்த இடத்தில்தான் அந்த நாடகக் குழுக்காரர் உன்னைப் பார்த்திருக்கிறார். உன் மார்க் என்ன, எங்கே படித்தாய் என்று அவர் கேட்கவே இல்லை என்று நீ சொன்னதை நான் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். எனக்கு அது விளங்க நேரம் பிடித்தது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். போகலாமா, வேண்டாமா என்று என்னிடம் கேட்கிறாய். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்ல வாயைத் திறந்தபோது ஒன்று உறைத்தது. அப்பா பார்த்திருக்கிறார். கன்னியம்மா பார்த்திருக்கிறாள். முன்பின் தெரியாத அந்தக் கல்லூரிக்காரர்கள்கூட மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து உன்னைப் பார்த்தார்கள். நான் நீ நடித்து ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நீ லைனில் வேஷம் கட்டிய நாட்களில் எனக்கு டியூஷன் இருந்தது, இல்லாவிட்டால் திருத்த வேண்டிய தாள்கள் இருந்தன. உன் காட்சியை எழுதினேன், மொழிபெயர்த்தேன், ஒப்பிக்கவைத்தேன், உச்சரிப்பைத் திருத்தினேன். எழுந்து நின்று செய்து காட்டு என்று மட்டும் சொல்லவில்லை. இத்தனை வருட வேலையில் ஒரு தாளைக்கூடப் பிரிக்காமல் மார்க் போட்டதில்லை என்று பெருமை பேசுகிறவள், சொந்தப் பிள்ளைக்குப் பிரித்துப் பார்க்காமலே போட்டிருக்கிறேன்.

ஆகையால் நீ நன்றாக வருவாயா, அந்த ஒரு வருடம் வீணாகுமா என்றெல்லாம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். வீட்டை நினைத்து நிற்காதே. என் பென்ஷனில் இரண்டு பேர் சாப்பிடலாம். அப்பா பேத்தமங்களாவில் யாரோ பம்பு செட் பார்த்துக்கொள்ள ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டு நேற்றே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார், சொல்லிவிட்டேன். கிளம்பு. முதல் நாடகம் எந்த ஊரில் என்று மட்டும் எழுது. பஸ் வசதி இல்லாத ஊரானாலும் நாங்கள் வந்துவிடுவோம். உன் கண்ணில் படாமல் பின்னால் எங்காவது உட்கார்ந்துகொள்கிறோம். முடிந்து வெளியே வரும்போது, எப்படி இருந்ததும்மா என்று என்னிடம் கேட்டுவிடாதே. கேட்டால் பழக்கத்தில் ஏதாவது திருத்தம் சொல்லிவிடுவேன். பசிக்குதும்மா என்று மட்டும் சொல். சோறு கட்டிக்கொண்டு வருகிறேன்.

அம்மா